தாமதமாக வந்த அண்ணன்மார்

(மதுரையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யோசேப்பின் கதையைப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். எபிரெய வேதத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் 37ஆம் அதிகாரம் தொடங்கி 50 வரை ஓடுகிற கதை. இந்த அவையில் பைபிள் வழியாக அவரை அறிந்தவர்கள் இருக்கிறீர்கள். குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் வழியாக யூசுபு நபியாக அறிந்தவர்களும் இருக்கிறீர்கள். இரண்டுக்கும் வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை மட்டும்: வீரமாமுனிவர் தேம்பாவணியில் பாடிய வளன், நம் ஊர்களில் சூசையப்பர் என்று கோயில் கொண்டவர், இவர் இல்லை. அவர் ஏசுவின் வளர்ப்புத் தந்தை. இவர் அவருக்குப் பல நூற்றாண்டு முந்தியவர். பெயர் ஒன்று, ஆள் வேறு.

ஆனால் நான் எகிப்தில் தொடங்கப் போவதில்லை. வைகையில் தொடங்குகிறேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் கதை உங்களுக்குத் தெரியும். தங்கை மீனாட்சிக்குக் கல்யாணம். அண்ணன் அழகர் மலையிலிருந்து சீர் கொண்டு புறப்படுகிறார். வழிநெடுக மண்டகப்படி. எல்லாவற்றிலும் நின்று நின்று வருகிறார். ஆற்றங்கரையை எட்டும்போது சேதி வருகிறது, தாலி கட்டியாயிற்று என்று. திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்து தாரை வார்த்துக் கொடுத்துவிட்டார். அழகருக்குக் கோபம். ஆற்றில் இறங்கியவர் தங்கை வீட்டு வாசலை மிதிக்காமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார்.

கோயில் சொல்லும் காரணம் வேறு. தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுக்கத்தான் அழகர் வருகிறார். அந்த விழா முன்பு தேனூரில் நடந்தது என்றும், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில் அது மதுரைக்குக் கொண்டுவரப்பட்டு மீனாட்சி கல்யாணத்தோடு சேர்க்கப்பட்டது என்றும் சொல்வார்கள். தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில் இந்த மக்கள் கதையையும் கோயில் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியிருக்கிறார். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட புத்தகம் அது. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: இரண்டு விழாக்களை ஒட்டியபோது தையல் வெளியே தெரிந்தது. ஜனங்கள் அந்தத் தையலுக்கு அண்ணன் தங்கை மனஸ்தாபம் என்று காரணம் கண்டுபிடித்தார்கள். இந்த மண்ணில் எல்லாருக்கும் சட்டென்று விளங்குகிற காரணம் அதுதான்.

அழகர் வருகிற கோலத்தையும் பாருங்கள். கள்ளர் கோலம். சீர் கொண்டு வரும் அண்ணன் கொண்டையும் கோலுமாக மாறுவேடத்தில் வருகிறார். ஊரே எதிர்சேவையில் திரண்டு நின்று அவரை அடையாளம் கண்டு கூப்பிடுகிறது. பார்க்க வேண்டிய தங்கை மட்டும் பார்க்கவில்லை.

இன்னொரு அண்ணன் இருக்கிறான். அவன் நல்லதம்பி.

நல்லதங்காள் கதையைப் பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளில் விற்றார்கள். புகழேந்திப் புலவர் பெயரை அட்டையில் போடுவது வழக்கம். 1935இலும் 1955இலும் படமாக வந்தது. நம் பாட்டிமார் சொல்லி அழுததைத்தான் படமும் சொல்லி அழவைத்தது. தங்கையைக் கட்டிக் கொடுத்த ஊர் மானாமதுரை. அங்கே பன்னிரண்டு வருஷப் பஞ்சம். ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பசியோடு, பிறந்த வீடு தேடி நடக்கிறாள். அண்ணன் ஊர் அர்ச்சுனாபுரம், வத்திராயிருப்புப் பக்கம், மேற்கு மலையடிவாரத்தில். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். வீட்டில் இருப்பது அண்ணி, மூளி அலங்காரி. வருகிறவள் யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கதவைச் சாத்துகிறாள். பிள்ளைகள் கையில் எடுத்ததைக்கூடப் பிடுங்கினாள் என்று சொல்வார்கள்.

பிறகு கிணறு. ஒவ்வொன்றாகப் பிள்ளைகளைப் போடுகிறாள். மூத்தவன் ஓடுகிறான், என்னை விட்டுவிடு என்று கெஞ்சுகிறான். அவனையும் பிடித்துப் போட்டுவிட்டுத் தானும் குதிக்கிறாள். நல்லதம்பி வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. மனைவியைத் தண்டிக்கிறான், தானும் சாகிறான். கடைசியில் சிவனும் பார்வதியும் வந்து எல்லாரையும் எழுப்பியதாகச் சில இடங்களில் சொல்வதுண்டு. அந்த முடிவைக் கேட்டு யாரும் ஆறுதல் அடைந்து நான் பார்த்ததில்லை. அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது.

இப்போது எபிரெயக் கதைக்கு வருகிறேன். அங்கும் பஞ்சம், அங்கும் குழி, அங்கும் உடன்பிறந்தவர்கள். அங்கும் மூத்த அண்ணன் ஒருவன் தாமதமாகத்தான் வருகிறான்.

யோசேப்பின் வீட்டு உறவுமுறை தமிழர்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லாதது. அப்பா யாக்கோபு தாய்மாமன் வீட்டுக்குப் பிழைக்கப் போனவர். மாமன் லாபானின் இளைய மகள் ராகேலைக் கேட்டு ஏழு வருஷம் ஆடு மேய்த்தார். கல்யாண ராத்திரியில் மாமன் மூத்த மகள் லேயாளை மாற்றி அனுப்பிவிட்டார். விடிந்த பிறகுதான் மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. ராகேலுக்காக மேலும் ஏழு வருஷம். யாக்கோபாலும் நியாயம் பேச முடியாது. கண் மங்கிய தன் தகப்பனிடம் அண்ணன் உடையைப் போட்டுக்கொண்டு, கையில் ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு, நான்தான் மூத்தவன் என்று சொல்லி ஆசீர்வாதம் வாங்கியவர்தான் அவர். வேஷம் அந்த வீட்டுச் சொத்து. லேயாளின் பிள்ளைகளில் நாலாமவன் யூதா. ராகேல் நெடுநாள் கழித்துப் பெற்றவன் யோசேப்பு. இரண்டு பேரும் ஒரு தகப்பன் பிள்ளைகள். தாய்வழியில் பெரியம்மா மகன், சித்தி மகன். இந்த நெருக்கத்தில் பிறக்கும் பொறாமையை இந்த அவையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

யோசேப்புக்கு 17 வயது. அப்பா அவனுக்கு மட்டும் விசேஷமான அங்கி தைத்துக் கொடுக்கிறார். அவன் கனவு காண்கிறான்: அண்ணன்மாரின் கதிர்க்கட்டுகள் தன் கட்டை வணங்குகின்றன. கண்டதோடு விடாமல் அவர்களிடமே போய்ச் சொல்கிறான். தோத்தான் என்ற இடத்தில் அண்ணன்மார் அவனைப் பிடித்துத் தண்ணீரில்லாத குழியில் போடுகிறார்கள். பிறகு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்த ஒரு வரியை ஆதியாகமம் எந்த விளக்கமும் இல்லாமல் எழுதிவிட்டுப் போகிறது. கொல்ல வேண்டாம், விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் யூதா. விலை 20 வெள்ளிக்காசு. மூத்தவன் ரூபன், பிறகு வந்து தூக்கிவிடலாம் என்று மனதுக்குள் வைத்திருந்தவன், திரும்பி வந்து பார்க்கும்போது குழியில் தம்பி இல்லை. சட்டையைக் கிழித்துக்கொள்கிறான். நல்லதம்பியும் ரூபனும் சந்தித்திருந்தால் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டிருப்பார்கள். இரண்டு பேருமே நல்லவர்கள், இரண்டு பேருமே தாமதம். ஆட்டு ரத்தத்தில் தோய்த்த அங்கி வீடு போய்ச் சேருகிறது. ஆட்டுத்தோலால் தகப்பனை ஏமாற்றியவர் ஆட்டு ரத்தத்தால் ஏமாறுகிறார்.

எகிப்தில் அவனை விலைக்கு வாங்கிய போத்திபாரின் வீடு, போத்திபார் மனைவி கட்டிய பழி, சிறைச்சாலை, ஏழு வருஷச் செழிப்பும் ஏழு வருஷப் பஞ்சமும் வரும் என்று எகிப்து அரசன் பார்வோனுக்கு அவன் விளக்கிச் சொன்ன கனவு எல்லாம் உங்களில் பலர் அறிந்தவை. அவற்றை விரைவாகக் கடந்துவிடுகிறேன். 30 வயதில் யோசேப்பு எகிப்தின் அதிபதி. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை ஏழு வருஷம் சேமிக்கிறார். பெயர் மாறுகிறது: சாப்நாத்பன்னேயா. உடை மாறுகிறது. ஓன் பட்டணத்துப் பூசாரியின் மகள் ஆஸ்நாத்து மனைவியாகிறாள். முதல் பிள்ளைக்கு மனாசே என்று பெயர் வைக்கிறார். என் கஷ்டத்தையும் தகப்பன் வீட்டையும் கடவுள் மறக்கச் செய்தார் என்பது அதற்கு அவர் சொன்ன காரணம். மறந்தவன் பிள்ளைக்கு அப்படியா பெயர் வைப்பான்? கூப்பிடும்போதெல்லாம் ஞாபகம் வருமே.

இங்கே ஒரு பழைய கேள்வி இருக்கிறது. அதிபதியான பிறகு ஏழு வருஷம், பஞ்சத்தில் மேலும் இரண்டு வருஷம் போகிறது. இத்தனை காலத்தில் அப்பாவுக்கு ஒரு ஆள் அனுப்பவில்லையே, ஏன்? ஸ்பெயினில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் நாக்மனிடிஸ் இதைக் கேட்டார். எகிப்துக்கும் அப்பா இருந்த எப்ரோனுக்கும் சில நாள் பயணம்தானே என்றார். கனவு நிறைவேற யோசேப்பு காத்திருந்தார் என்பது அவர் தந்த பதில். எனக்கு அது போதவில்லை. கனவுக்காகத் தகப்பனைப் புத்திர சோகத்தில் வைத்திருக்கிறவனை என்னால் மன்னிக்க முடியாது. யோசேப்பு மறக்க முயன்றுகொண்டிருந்தார், தானியம் விடவில்லை. அப்படித்தான் நான் வாசிக்கிறேன்.

பஞ்சம் அப்பா வாழும் கானான் நாட்டுக்கும் வருகிறது. அண்ணன்மார் பத்துப் பேர் தானியம் வாங்க வருகிறார்கள், தரையில் விழுந்து வணங்குகிறார்கள். அவர் அவர்களை அடையாளம் கண்டுகொண்டார், அவர்களுக்கு அவரைத் தெரியவில்லை. எபிரெயம் தெரியாதவர்போல மொழிபெயர்ப்பாளரை நடுவில் நிறுத்திப் பேசுகிறார். வேவு பார்க்க வந்தவர்கள் என்று குற்றம் சாட்டுகிறார். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்: அன்று தம்பி கெஞ்சினான், நாம் கேட்கவில்லை, அதற்குத்தான் இது. இவருக்குப் புரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. அப்பால் போய் அழுதுவிட்டுத் திரும்பி வருகிறார். அண்ணன்மாரில் சிமியோனைப் பிடித்து வைத்துக்கொண்டு, கடைசித் தம்பி பென்யமீனை அழைத்து வந்தால்தான் அடுத்த முறை தானியம் என்கிறார். பென்யமீன் ராகேல் பெற்ற இன்னொரு பிள்ளை. அவன் பிறந்தபோதுதான் அவள் இறந்தாள்.

அப்பா யாக்கோபு விடவில்லை. தானியம் தீரும்வரை இழுத்தடிக்கிறார். இத்தனை தாமதம் செய்யாதிருந்தால் இரண்டு தடவை போய் வந்திருப்போமே என்று யூதா அப்பாவிடம் சலித்துக்கொள்கிறான்.

இரண்டாம் முறை வந்தபோது ஒரு விருந்து. சாப்பாடு மூன்று இடத்தில் தனித்தனியாக வைக்கப்படுகிறது. யோசேப்புக்குத் தனி, சகோதரர்களுக்குத் தனி, எகிப்தியருக்குத் தனி. எபிரெயரோடு உட்கார்ந்து சாப்பிடுவது எகிப்தியருக்கு அருவருப்பு. மதுரையில் பந்தி வரிசைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் எந்த உரையும் தேவைப்படாது. யோசேப்பு இரண்டு பக்கமும் உட்கார முடியாமல் நடுவில் தனியாகச் சாப்பிடுகிறார்.

இந்த ஊரில் அப்படித் தனியாகச் சாப்பிட்ட ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1606இல் இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே, 1595 முதல், அதே சபையைச் சேர்ந்த போர்த்துக்கீசியரான கொன்சாலோ பெர்னாண்டஸ் இங்கே இருந்தார். முன்னாள் படைவீரர், கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரதவர்களுக்குக் குருவாக இருந்தவர். நொபிலி காவி உடுத்தார், மரக்கறி உண்டார், தத்துவ போதகர் ஆனார், நான் பரங்கி இல்லை என்றார். கடைசியில் தம் சொந்தச் சபைச் சகோதரரோடு ஒரே வீட்டில் இருப்பதையும் சேர்ந்து சாப்பிடுவதையும் விட்டார். பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். வழக்கு ரோம்வரை போய், 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி நொபிலியின் முறையை அனுமதித்தார். நொபிலியின் தமிழையும் படிப்பையும் மதிக்கிறேன். ஆனாலும் அந்த வீட்டில் பெர்னாண்டஸ் தனியாகச் சாப்பிட்ட சோற்றை நினைக்கும்போது என் மனம் அவர் பக்கம்தான் சாய்கிறது. யோசேப்பின் தனிப்பந்தி ஒருநாள் கலைந்தது. இவர்களுடையது அப்படிக் கலையவில்லை.

விருந்துக்கு வருகிறேன். அந்நிய அதிபதி பதினொரு பேரையும் பிறந்த வரிசைப்படி உட்காரவைக்கிறார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் திகைக்கிறார்கள். அப்போதும் தெரியவில்லை. பென்யமீன் இலையில் மட்டும் ஐந்து மடங்கு விழுகிறது. ஒரு பிள்ளைக்கு மட்டும் விசேஷம் என்பது அந்த அண்ணன்மாருக்குப் பழைய காயம். யோசேப்பு அதை வேண்டுமென்றே மறுபடி கிளறுகிறார். பிறகு தன் வெள்ளிப் பாத்திரத்தைப் பென்யமீன் சாக்கில் ஒளித்துவைத்துத் திருட்டுப்பட்டம் கட்டுகிறார். அவன் என் அடிமை, மற்றவர்கள் போகலாம் என்கிறார்.

தோத்தானில் நடந்தது திரும்பவும் அப்படியே நடக்கிறது. ராகேல் பிள்ளை ஒருவன், அப்பாவின் செல்லம், சிக்கியிருக்கிறான். அவனை விட்டுவிட்டு வீடு போனால் யாரும் குறை சொல்ல முடியாது. முன்பு இருபது காசுக்குத் தள்ளிவிட்டார்கள். இப்போது தானியமும் கிடைக்கும், உயிரும் மிஞ்சும்.

யூதா முன்னால் வருகிறான். ஆதியாகமத்தில் வரும் மிக நீண்ட பேச்சுகளில் ஒன்று அவனுடையது. அதில் வாதம் கிடையாது. பாத்திரத்தை யார் எடுத்தது என்றே அவன் கேட்கவில்லை. அப்பாவைப் பற்றி மட்டும் பேசுகிறான். கிழவருக்கு இந்தப் பிள்ளைமேல் உயிர், இவன் போனால் அவர் போய்விடுவார், இவனுக்குப் பதில் என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். தங்களைவிட ஒரு பிள்ளையை அதிகம் நேசித்தார் என்றுதானே அன்று தம்பியை விற்றார்கள்? அதே நேசத்தை இன்று யூதா தன் வாயால் ஒப்புக்கொண்டு, அதற்காகத் தன்னைக் கொடுக்கிறான்.

நடுவில் 38ஆம் அதிகாரம் எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. அதில் யூதாவின் விதவை மருமகள் தாமார் முக்காடு போட்டு யாரென்று தெரியாமல் அவனையே மடக்குகிறாள். அவனுடைய முத்திரையையும் கோலையும் அடமானமாக வாங்கி வைத்துக்கொண்டு, நாள் வந்தபோது அவற்றை அனுப்பி இவை யாருடையவை என்று கேட்கிறாள். என்னைவிட அவள் நியாயமுள்ளவள் என்று யூதா ஊரறிய ஒத்துக்கொள்கிறான். தவறை ஒப்புக்கொள்ள அங்கேதான் அவன் படித்தான்.

ஒருவன் முழுமையாகத் திருந்தினான் என்று எப்போது சொல்லலாம்? 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இதற்கு விடை எழுதினார்: அதே தவறுக்கு அதே வாய்ப்பு வந்து, செய்யும் பலமும் இருந்து, செய்யாமல் விலகும்போது. யூதாவின் பேச்சுக்கு இதைப் பொருத்திப் பார்த்தவர்கள் பலர். நான் அதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த வாய்ப்பு வந்துசேரக் காலம் வேண்டும். யோசேப்பு முதல் நாளே நான்தான் என்று சொல்லியிருந்தால் பத்துப் பேரும் பயத்தில் காலில் விழுந்திருப்பார்கள். பசித்தவன் காலில் விழுவதை வைத்து எதைத் தெரிந்துகொள்வது? அவர் போட்ட வேஷம் அண்ணன்மாருக்குக் கிடைத்த தவணை. அதனால்தான் யூதா நேரத்துக்கு வந்து சேர்ந்தான். நல்லதம்பிக்கு அப்படித் தவணை கொடுக்க யாரும் இல்லை.

ஏன் இல்லை என்றால், யோசேப்பிடம் களஞ்சியச் சாவி இருந்தது. மறைந்திருப்பதும் வெளிப்படுவதும் அவர் இஷ்டம். நல்லதங்காள் பசியோடு வந்தவள். பசித்தவளால் வேஷம் போட முடியாது, யாரையும் சோதிக்க முடியாது, இரண்டு தடவை வந்து போக முடியாது. வாசலில் நின்ற அந்தப் பொழுதே அவள் முழுத் தவணையும். யோசேப்பைப் புகழும்போது இந்தச் சாவியை மறந்துவிடக் கூடாது. 47ஆம் அதிகாரத்தில் அவர் பஞ்சத்தில் தவிக்கும் எகிப்தியரிடம் முதலில் காசையும், பிறகு மாடுகளையும், கடைசியில் நிலத்தையும் அவர்களையுமே பார்வோனுக்கு வாங்கிவிடுகிறார். பூசாரிகளின் நிலத்தை மட்டும் தொடவில்லை. பிரசங்கங்களில் இந்தப் பகுதியை அதிகம் கேட்க முடியாது.

நம் பக்கத்திலும் பஞ்சம் குடும்பங்களைப் பிரித்திருக்கிறது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் வீடுகளில் இன்னும் பேசுகிறார்கள். அந்த நூற்றாண்டில் மதுரை, ராமநாதபுரச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் இலங்கையின் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்கு ஆட்கள் போனார்கள். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களின் வழிவந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று கணக்குப் போட்டது. பேரன்மார் கப்பலேறி ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, தாத்தா சொன்ன ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு கிராமம் தேடிப் போனார்கள். அந்த வாசல்களில் பலருக்கு அவர்கள் சிலோன்காரர்கள் மட்டுமே. வந்தவர் யார் என்று தெரியாதது ஒன்று, தெரிந்தும் நிலத்தில் பங்கு கேட்பாரோ என்ற பயம் இன்னொன்று. யாக்கோபின் குடும்பத்துக்கு எகிப்தின் கோசேன் நாட்டில் மேய்ச்சல் நிலம் கிடைத்தது, அதிபதி தம்பியாக இருந்ததால்.

யூதா பேசி முடித்ததும் யோசேப்பால் தாங்க முடியவில்லை. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கேட்க அழுதுகொண்டு, தான் யார் என்று சொல்கிறார். அடுத்த மூச்சில் அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கிறார். அண்ணன்மாருக்கு வாய் எழவில்லை. குர்ஆனில் யூசுபு கடைசித் தம்பியிடம் மட்டும் முன்கூட்டியே ரகசியமாகச் சொல்லிவிடுகிறார், கண் வெளுத்துப்போன தகப்பனுக்குத் தன் சட்டையை அனுப்பிப் பார்வை வரவைக்கிறார். இந்த அப்பாவை ரத்தம் தோய்ந்த ஒரு சட்டைதானே முதலில் குருடாக்கியது என்று தோன்றும்போது அந்த வடிவத்தின் அழகு புரிகிறது.

கடைசியாக 50ஆம் அதிகாரம். யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் இருந்து, 147 வயதில் இறக்கிறார். அடக்கம் முடிந்து வந்ததும் அண்ணன்மாருக்குப் பயம் வருகிறது. அப்பா போய்விட்டார், இனி பழி வாங்குவானோ? நேரில் போகத் துணிவில்லை, ஆள் அனுப்புகிறார்கள்: எங்களை மன்னிக்கச் சொல்லி அப்பா சாகும் முன் சொன்னார் என்று. அப்படி யாக்கோபு சொன்னதாகக் கதையில் எங்கும் இல்லை. அவர்கள் கட்டிய பொய் என்றே நான் நினைக்கிறேன். பதினேழு வருஷம் தம்பி கையால் சாப்பிட்டும் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அதைக் கேட்டு யோசேப்பு அழுதார் என்று எழுதியிருக்கிறது. பொய்யா மெய்யா என்று விசாரிக்கவில்லை. உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் என்ன ஆனார்கள், யோசேப்பை அறியாத ஒரு ராஜா வந்து என்ன செய்தான் என்பது அடுத்த நூலின் கதை. மோசேயைப் பற்றி இன்னொரு மாலை பேசலாம்.